சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள்

பொகவந்தலாவையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. விமானத்துக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஆராய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வத்தளை மாமாவோ தனியார் நிறுவனமொன்றில் 'ஏரோநாட்டிக்கல்' படிப்புக்கு முற்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார். அப்பாவின் சேமலாப நிதியை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் எடுக்காதீர்கள். தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்துச் சேர்ந்த பணம் அது. கல்யாண வீட்டில் மாமா சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக அதைக் கரைக்க முடியாது.

மகள் கேட்கும் வேலைக்கு அந்தப் படிப்பு தேவையும் இல்லை. விமானப் பெயர் தாங்கிய டிப்ளோமாக்கள் பல, பராமரிப்பு வேலைக்குப் பழக்குபவை. நல்ல தொழில்தான், ஆனால் இவள் மனம் அதில் இல்லை.

பயணிகள் விமானத்தில் காற்று கூரையோரமாக வந்து, இருக்கை வரிசையைச் சுற்றி, தரையோரத் துவாரங்களால் வெளியேறும். ஏறக்குறையப் பாதி வெளிக்காற்று, மிச்சம் நுண்வடிகட்டியில் சுத்தமாகித் திரும்புவது. மணிக்கு 20 தடவைக்கு மேல் காற்று மாறும். ஆனாலும் ஒருவர் இருமினால் துளிகள் எந்த இருக்கைக்குப் போகும், ஜன்னலோரம் ஏன் கால் குளிர்கிறது என்றெல்லாம் பறக்கும்போது இருக்கைக்கு இருக்கை கருவி வைத்து அளப்பது லேசில்லை. அதனால் கணினிக்குள் ஒரு விமான அறையைக் கட்டி, அதை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் காற்று, நீர் போன்றவை எப்படி ஓடும் என்று சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் ஆள் ஒவ்வொருவரும் 100 வாட் பல்பு அளவுக்குச் சூட்டை விடுகிறார். அந்தச் சூடு மேலெழும்பி, கூரையிலிருந்து வரும் குளிர்காற்றோடு மோதும் இடத்தில்தான் கணக்கு கஷ்டப்படுத்தும். விடை வந்தால் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். ஜெர்மனியின் கெட்டிங்கனில் பறக்காத டோர்னியர் 728 விமான உடலுக்குள் சூடேற்றிய பொம்மைகளை உட்காரவைத்து அளந்திருக்கிறார்கள்.

இதற்கான கதவு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது: பொறியியல் பீடத்தில் இயந்திரப் பொறியியல். கற்கைக் கட்டணம் இல்லை, நுவரெலியா மாவட்டக் கோட்டாவும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம். அதற்குக் கட்டணம் உண்டு. பெண் பிள்ளைக்கு எதற்கு இயந்திரம் என்று அத்தை கேட்டாராம். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

விமான அறை ஆராய்ச்சி பெரும்பாலும் வெளிநாட்டில்தான். உதவித்தொகை கிடைத்தால் மட்டும் மேற்படிப்புக்குப் போகட்டும், கடன் வாங்கி வேண்டாம். போகாவிட்டாலும் கற்றது வீணாகாது. ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் காற்றோட்டம் வேண்டும். உங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டும்போது அடியிலிருந்து ஊதும் காற்று எல்லா இலையிலும் சமமாகப் படுகிறதா என்பதும் இதே கணக்குத்தான்.

இந்தக் காற்றோட்டக் கணக்கைப் போடும் ஓபன்ஃபோம் என்ற மென்பொருள் இலவசம். பரீட்சை முடிந்ததும் பாடசாலைக் கணினி அறையில் அனுமதி கேட்டு, அதன் ஆரம்பப் பயிற்சி ஒன்றைச் செய்து பார்க்கட்டும்: மேல்மூடி நகரும் பெட்டிக்குள் சுழலும் பாய்மம் (திரவமோ வாயுவோ). அதில் அலுத்துப்போனால் இப்போதே தெரிந்துவிடும். அதுவரை இணைந்த கணிதமும் ஆங்கிலமும். பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில், முதல் வருடம் அதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

அந்தத் தனியார் நிறுவனத்தார் முற்பணம் கேட்டு அழைத்தால், அவர்கள் படிப்பை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஏற்றிருக்கிறதா என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். மாமாவிடம் பேச வேண்டுமென்றால் என் இலக்கத்தைக் கொடுங்கள்.