பாலிடெக்னிக்கா, பிளஸ் ஒன்னா?

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 500க்கு 402 மதிப்பெண் எடுத்திருக்கிறான். கணக்கில் 71. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகனுக்கு இன்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆசை. பாலிடெக்னிக்கில் சேர்த்து, அப்புறம் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு போனால்தான் செலவு குறையும் என்கிறான் என் தம்பி. ஒரு தனியார் பாலிடெக்னிக்கிலிருந்து வீட்டுக்கே வந்து, இப்போதே பத்தாயிரம் முன்பணம் கட்டினால் பின்னால் அவர்களுடைய இன்ஜினியரிங் கல்லூரியிலும் இடம் உறுதி என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் தம்பி சொல்வது தப்பான யோசனை இல்லை. பத்தாவதுக்குப் பிறகு மூன்று ஆண்டு டிப்ளமோ, அப்புறம் மூன்று ஆண்டு பி.இ. பிளஸ் டூ வழியாகப் போனாலும் அதே ஆறு ஆண்டுதான். அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிப்பு முடிந்துவிடும். பி.இ.க்கும் ஓர் ஆண்டுக் கட்டணம் மிச்சம். தனியார் பள்ளியில் படித்த பையனாக இருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் மகன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி மாணவன். அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு மூலம் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் கிடைத்த இடமாக இருந்தாலும் அப்படித்தான். கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மட்டும் இது கிடையாது.

பத்தாவதோடு பள்ளியை விட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் அதே கதிதான். 402 எடுத்த பையனைத் தேடி, 'ஃபீஸ் வேண்டாம், எங்கள் பள்ளியில் சேருங்கள்' என்று யாராவது வரலாம். அந்த இரண்டு வருடச் சலுகைக்காக நான்கு வருடச் சலுகையை விட்டுவிடாதீர்கள். அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பிளஸ் டூவில் மதிப்பெண் நினைத்த மாதிரி வரவில்லை என்றால் அப்போதும் பாலிடெக்னிக் போகலாம். நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் இப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டு, பிறகு மனம் மாறி 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் திரும்பி வர முடியாது. அதனால்தான் பிளஸ் ஒன் என்று சொல்கிறேன். கணிதம் உள்ள குரூப்பாக எடுக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை அந்த 71தான். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 100 கணக்குக்கு; இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆகவே எந்தக் கல்லூரி என்பதைப் பெரும்பாலும் கணக்குதான் முடிவு செய்யும். கணக்குக்குப் பயந்து பாலிடெக்னிக் போவதிலும் பயனில்லை. அங்கேயும் கணக்கு உண்டு. அதோடு, இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும் டிப்ளமோ மாணவர்கள் முதலாண்டுக் கணிதத்தை வகுப்பில் உட்கார்ந்து படிக்காமலேயே, பல பிரிவுகளில் மூன்றாம் செமஸ்டரின் ஃபூரியர் தொடர் போன்ற கடினமான கணிதத்துக்குள் போய் விழுகிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அங்கே அரியர் வைத்துத் திணறுவதுண்டு. உங்கள் மகன் கணக்கில் எந்தப் பகுதியில் மதிப்பெண்ணை விட்டான் என்று கணக்கு ஆசிரியரிடம் உட்கார்ந்து கேளுங்கள். இயற்கணிதத்தில் தடுமாற்றம் என்றால் பள்ளி திறப்பதற்குள் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சரி, பாலிடெக்னிக் யாருக்குப் பொருந்தும்? வீட்டில் பத்தொன்பது வயதில் ஒரு சம்பளம் கட்டாயம் தேவை என்றால் தயங்காமல் டிப்ளமோ. உதவித்தொகையோடு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வையும் எழுதலாம். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் பகுதிநேர பி.இ.யும் இருக்கிறது. பாடப் புத்தகத்தைவிட மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில்தான் பையனுக்கு உயிர் என்றாலும் அதுவே நல்ல வழி. உங்கள் கணவரின் உடல்நிலையையும் வீட்டுக் கடனையும் வைத்து நீங்கள் இருவரும்தான் இதைச் சொல்ல முடியும். எந்த வழியில் போனாலும், உயர்கல்வியில் சேர்ந்ததும், அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

அப்புறம், வீட்டுக்கு வந்தவர்கள். மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் இடத்தை இன்றைக்கே யாராலும் உறுதி செய்ய முடியாது. நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. அதில் டிப்ளமோ மதிப்பெண்தான் பேசும். நிர்வாக இடம் தருகிறோம் என்றால் கட்டணம் முழுக்க உங்கள் தலையில்தான். அவர்கள் மறுபடி வந்தால் மதிப்பெண் சான்றிதழின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கும் முன் இப்போதைய பள்ளியிலேயே பிளஸ் ஒன் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித குரூப்புக்கு இந்த வாரமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.