சமுதாய வானொலியும் பெண்கள் கேட்போர் குழுவும்: கேள்வி பதில்

கேள்வி: சமுதாய வானொலியை, அதாவது ஊர்மக்களே தங்கள் பகுதிக்காக நடத்தும் வானொலியை, அவரவர் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாமே அம்மா, பெண்களை ஓரிடத்தில் கூட்டி உட்காரவைப்பது எதற்காக?

பதில்: 1956-இல் புனே வட்டாரத்தில், யுனெஸ்கோவின் துணையோடு அகில இந்திய வானொலி ஏறத்தாழ 150 கிராமங்களில் பண்ணை மன்றங்களை, அதாவது ஊரார் கூடி வானொலி கேட்கும் குழுக்களை, அமைத்துப் பார்த்தது. வாரம் இருமுறை அரை மணி நேர நிகழ்ச்சியைச் சேர்ந்து கேட்டு, கேட்டவுடன் விவாதித்த ஊர்களில் மக்களின் அறிவு தெளிவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களிலோ மாற்றம் மிகச் சொற்பமாகவே இருந்தது. பெண்கள் விஷயத்தில் இதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். அடுப்படி வேலைக்கு நடுவே காதில் விழுவதைப் பற்றி மறுகேள்வி கேட்க அங்கே எதிரே ஆள் இல்லை. குழுவிலோ, ஒருத்தி "எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்று சொன்னதும், அதுவரை தன் தலையெழுத்து என்று மற்றவள் எண்ணியிருந்தது ஊரே பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினையாக மாறிவிடுகிறது.

கேள்வி: பெண்களுக்குத் தனிக் குழு தேவையா?

பதில்: தொடக்கத்தில் தேவை. மாமனாரும் கணவரும் அமர்ந்திருக்கும் இடத்தில் இளம் மருமகள் வாய் திறப்பது அரிது.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கேட்பதோடு நின்றுவிட வேண்டியதுதானா?

பதில்: இல்லவே இல்லை. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில், மாச்னூர் கிராமத்திலுள்ள சங்கம் வானொலியைப் பாருங்கள். தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு தலித் பெண்கள் நடத்தும் அந்த நிலையம் 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் உரிமம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் விதை, சிறுதானியம், மருத்துவம், பாட்டு என்று தங்கள் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, ஊர்ப் பெண்கள் சங்கக் கூட்டங்களில் ஒலிக்கவிட்டு, அதன்மேல் பேசிப் பழகியிருந்தார்கள். அதாவது, நிலையத்துக்கு முன்பே குழு பிறந்துவிட்டது. இந்த வரிசையே சரியானது என்பது என் உறுதியான கருத்து: ஒலிபரப்புக் கருவியை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு நேயர்களைத் தேடுவது வீண் செலவாகவே முடியும்.

கேள்வி: ஊரில் நடப்பதைச் செய்தியாக வாசிக்கலாமா?

பதில்: இந்திய விதிகளின்படி சமுதாய வானொலி தானே செய்தி தயாரித்து ஒலிபரப்ப இயலாது. குடிநீர், மின்சாரம், வானிலை, பேரிடர் பற்றிய உள்ளூர் அறிவிப்புகளுக்குத் தடையில்லை.

கேள்வி: நாங்கள் தொடங்கிய குழு ஆறு மாதத்தில் கலைந்துவிட்டது. எங்கே பிழை?

பதில்: முதலில் ஒலிபரப்பு நேரத்தைப் பாருங்கள், தண்ணீர் பிடிக்கும் வேளையிலோ களையெடுக்கும் வேளையிலோ வைத்தால் யாரும் வரமாட்டார்கள், அதற்காக அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வது அநியாயம். இரண்டாவது, இதைவிடப் பெரியது: குழுவில் எழுந்த கேள்விகள் நிலையத்துக்குப் போயினவா, பதில் வந்ததா? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு நைஜர் நாட்டில் வளர்த்த டிமித்ரா மன்றங்கள் என்னும் கிராமக் குழுக்களில், எதைப் பேசுவது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்கிறார்கள். சூரிய ஒளியில் இயங்கும் வானொலிப் பெட்டியும் கைப்பேசியும் அவர்களை நிலையத்தோடு இணைக்கின்றன. உங்கள் குழுவில் ஒருவருக்குக் கைப்பேசியில் பதிவு செய்யக் கற்றுக்கொடுங்கள். இந்த வாரம் அவர்கள் கேட்டதற்கு, அடுத்த வாரமே ஊர்ப் பெயரைச் சொல்லி, கேட்டவரின் குரலையும் ஒலிக்கவிட்டுப் பதில் தரும்படி நிலையத்தாரிடம் வற்புறுத்துங்கள்.