முட்டியை நிமிர்த்தும் முன் கழுத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. நடக்கும்போது இரண்டு முட்டியும் இடிக்கின்றன, நெஞ்செலும்பு துருத்தியிருக்கிறது. மோர்க்கியோ நோய் என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. கால் ஆபரேஷனை உடனே செய்துவிடலாமா? நானும் கணவரும் அத்தை மகன், மாமா மகள்.

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் கழுத்தைப் பரிசோதிக்காமல் யாரும் மயக்க மருந்து கொடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

கெரட்டான் சல்ஃபேட் என்ற பொருளைச் சிதைக்கும் என்சைம் இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே போதாது. சிதையாத பொருள் குருத்தெலும்பில் தேங்கி, அதிலிருந்து வளரும் எலும்பின் வடிவத்தைக் கெடுக்கிறது. அறிவுக்கு ஒரு குறையும் வராது. மகளைத் தயங்காமல் பள்ளிக்கு அனுப்புங்கள்.

இரண்டாம் கழுத்தெலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீண்டிருக்கும். முதல் எலும்பு வளையம்போல அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மோர்க்கியோ குழந்தைகளுக்கு அந்த முளை சரியாக வளராது, தசைநார்களும் தளர்வாக இருக்கும். மேல் எலும்பு வழுக்கினால் தண்டுவடம் நசுங்கும். மயக்கத்தில் தசைகள் தளர்ந்திருக்கும் நேரத்தில், மூச்சுக்கான குழாய் போடுவதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்தால் கைகால் செயலிழக்கவும் கூடும்.

அதனால் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தலையைக் குழந்தையே அசைக்கட்டும், யாரும் பிடித்துத் தள்ளக் கூடாது. அப்புறம் எம்.ஆர்.ஐ. தண்டுவடம் நசுங்குவது தெரிந்தால் கழுத்தெலும்புகளை இணைக்கும் ஆபரேஷன்தான் முதலில், கால் பிறகு.

வீட்டிலும் கவனியுங்கள். படியேறிக்கொண்டிருந்தவள் தூக்கச் சொல்கிறாளா? ஸ்பூன் கைநழுவுகிறதா? சட்டைப் பித்தானைப் போடத் திணறுகிறாளா? முட்டி வலி, சோம்பல் என்று பெற்றோர் நினைப்பது பல நேரம் தண்டுவடத்தின் முறையீடாக இருக்கும். குட்டிக்கரணமும் தலையில் சுமையும் வேண்டவே வேண்டாம்.

கழுத்து பத்திரம் என்றால் முட்டிக்குத் தாமதிக்காதீர்கள். முட்டியின் உள்பக்க வளர்தட்டின் (எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்புப் பகுதி) குறுக்கே சிறு பிளேட்டும் இரண்டு திருகும் வைப்போம். உள்பக்க வளர்ச்சி தடைபட, வெளிப்பக்கம் வளர்ந்து கால் மெல்ல நேராகும். வளர்ச்சி இருக்கும்வரைதான் இது பலிக்கும். மோர்க்கியோ குழந்தைகளின் வளர்ச்சி சீக்கிரமே மந்தமாகிவிடுவதால் ஆறு வயது நல்ல சமயம். விட்டுவிட்டால் எலும்பை வெட்டி நிமிர்த்த வேண்டிவரும். காலில் கட்டும் வெறும் காலிப்பர் பட்டை இந்த வளைவை நிமிர்த்தாது. இரண்டு காலையும் ஒரே மயக்கத்தில் முடிக்கச் சொல்லுங்கள். சிரமமான மூச்சுப்பாதையைக் கையாண்டு பழகிய மயக்க மருத்துவரும், ஆபரேஷனின்போது நரம்பைக் கண்காணிக்கும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையாகப் பாருங்கள்.

எலோசல்ஃபேஸ் ஆல்ஃபா என்ற என்சைம் மருந்துக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி தந்தது. வாரம் ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். நடக்கும் திறனுக்கு ஓரளவு உதவும், வளைந்த எலும்பை நிமிர்த்தாது. விலை மிக அதிகம். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, விசாரியுங்கள்.

சொந்தத்தில் மணந்ததை நினைத்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இருவரிடமும் குறையுள்ள மரபணு ஒன்று இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு என்பதால், அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

ஒரு சீட்டில் "மோர்க்கியோ நோய், கழுத்து உறுதியற்றது, தலையைச் சாய்க்காதீர்கள்" என்று எழுதிப் பள்ளிப்பையில் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.