ரிப்போர்ட்டைக் கணினி எழுதட்டும், உங்கள் மகளுக்கு வேறு வேலை இருக்கிறது

வணக்கம் ஐயா,

எம்.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காகப் பன்னிரண்டு டேபிள்களை வேர்டில் கையால் அடித்து முடித்த மறுநாள், "அந்த மூன்று பேஷண்ட்டை எடுத்துவிட்டு மறுபடி போடம்மா" என்று கைடு சொல்ல, மகள் இரவெல்லாம் விழித்து எல்லா எண்ணையும் திருத்தினாள் என்று எழுதியிருந்தீர்கள். கூடப் படிக்கும் பையன் அதே மாதிரி ரிப்போர்ட்டை ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டியதும் அவளுக்கு அழுகை. உங்களுக்கோ, இந்தப் படிப்புக்கு வேலையே இருக்காதோ என்ற கவலை.

அந்தப் பையன் செய்தது புதிய வித்தை இல்லை. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழிக்கு ஸ்வீவ் என்ற கருவி 2002-லேயே வந்துவிட்டது. அப்புறம் நிட்டர், இப்போது க்வார்ட்டோ. கணக்குக் கட்டளையும் விளக்க எழுத்தும் ஒரே ஃபைலில் இருக்கும்; ஓடவிட்டால் விடைகள் உரிய இடத்தில் தாமே போய் உட்காரும். மூன்று பேரை நீக்கினால் ஃபைலை இன்னொரு தடவை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். மாடலின் (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் சமன்பாட்டின்) விடைகளை வரிசை வரிசையாகப் பிரித்துத் தர புரூம், அழகான டேபிளாக்க ஜிடிசம்மரி, மாடல்சம்மரி. எல்லாம் இலவசம். அவளை இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கையால் எண்களை நகலெடுப்பது உழைப்பு மாதிரித் தெரியும், ஆனால் தப்பு நுழையும் வழி அது. எட்டு உளவியல் ஆய்விதழ்களைப் பரிசோதித்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், பி-மதிப்பு (தற்செயலாகவே இப்படி ஒரு விடை வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) தந்த கட்டுரைகளில் ஏறக்குறைய பாதியில் ஒரு பி-மதிப்பாவது பக்கத்தில் அச்சான எண்களோடு ஒத்துப்போகவில்லை.

சரி, அப்போது வேலை? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆர் படிக்கிற எல்லோரும் தொடும் டேட்டா ஒன்று உண்டு: 1974-ல் ஓர் அமெரிக்க இதழில் வந்த 32 கார்களின் விவரம். எடையை வைத்து மைலேஜைக் கணிக்கும் நேர்கோட்டு மாடலைப் போட்டால், எடை ஆயிரம் பவுண்டு கூடும்போது கேலனுக்கு 5.34 மைல் குறைகிறது, ஆர்-ஸ்கொயர் 0.75 (அதாவது மைலேஜில் உள்ள வித்தியாசங்களில் முக்கால் பங்கை எடை விளக்குகிறது). இதை 'ரிப்போர்ட்' என்ற ஆர் பேக்கேஜிடம் (கூடுதல் கருவியிடம்) கொடுத்தால், மாடல் 'கணிசமாக' விளக்குகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தியே எழுதித் தந்துவிடும். அந்தக் 'கணிசம்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆர்-ஸ்கொயர் 0.26-ஐ எட்டினாலே அந்தச் சொல்லைப் போடு என்ற ஒரு பழைய அளவுகோலிலிருந்து.

அந்தப் பத்தி சொல்லாதது ஒன்று இருக்கிறது. கிரைஸ்லர் இம்பீரியல் கேலனுக்கு 8.7 மைல்தான் ஓடும் என்கிறது மாடல். டேட்டாவில் இருப்பது 14.7. எச்சங்களை (டேட்டாவில் இருப்பதற்கும் மாடல் சொன்னதற்கும் உள்ள வித்தியாசங்களை) வரைந்து பார்த்தால் படம் வளைகிறது, நேர்கோடு பொருந்தவில்லை என்று கண்ணுக்கே தெரியும். எடையின் வர்க்கத்தையும் சேர்த்தால் ஆர்-ஸ்கொயர் 0.82 ஆகிறது. கணினி தவறான மாடலுக்கும் இதே அழகோடு டேபிள் போட்டுத் தரும். சொல்லப்போனால் டேபிள் அழகாக இருந்தால் நாமே சந்தேகப்படுவதில்லை. நானும் ஏமாந்திருக்கிறேன்.

மருந்துச் சோதனை நிறுவனங்களில் 'ஸ்டாட்டிஸ்டிகல் புரோகிராமர்' வேலைக்கு இவளைப் போன்றவர்களை எடுக்கிறார்கள். டேபிள், லிஸ்டிங், ஃபிகர் என மூன்றையும் புரோகிராம் எழுதித் தயாரிப்பதே அங்கே தினசரி வேலை. பெரும்பாலும் சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில், இப்போது ஆரிலும். முக்கியமான டேபிளை இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அச்சடித்தாற்போல் ரிப்போர்ட் எடுக்கத் தெரிவது அங்கே உள்ளே நுழைய உதவும். நேர்முகத்தில் கேட்பது வேறாக இருக்கும்: இந்த மாடல் ஏன், எங்கே உடைகிறது, யாரை விட்டாய்.

அதனால் மகள் இப்போதைய ப்ராஜெக்ட்டையே க்வார்ட்டோவுக்கு மாற்றட்டும். ஒவ்வொரு டேபிளுக்கும் கீழே, கணினி எழுதித் தந்த வாக்கியத்தை அழித்துவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதட்டும். நேர்முகத்துக்கு அதையே எடுத்துப் போகலாம்.

இன்னொன்று. அந்த மூன்று பேஷண்ட்டையும் ஏன் எடுக்கச் சொன்னார் கைடு? உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அது இல்லை. நாளைக்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள். காரணம் கிடைத்ததும் முதல் டேபிளுக்குக் கீழே எழுத வேண்டிய முதல் வரி அதுதான்.