எந்த அயல்மொழியை எடுப்பது?

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் என் மகள், வரும் ஆண்டில் முதலாம் படிவம் செல்கிறாள். அவள் சேரவிருக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஜப்பானிய மொழி, பிரெஞ்சு மொழி ஆகிய இரண்டில் ஒன்றைக் கூடுதலாகக் கற்கலாம் என்கிறார்கள். மாண்டரின் தெரிந்தால்தான் வேலை கிடைக்கும் என்பது அண்டை வீட்டாரின் கருத்து. பாடச்சுமை கூடிவிடும், தமிழை விட்டுவிடலாமே என்கிறார் செம்பனை ஆலையில் வேலை செய்யும் என் கணவர். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கணவரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் என்னைக் கலங்க வைத்தது. தமிழை விட வேண்டாம். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வழிசெய்யப்பட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. உங்கள் மகள் விலகினால், அவளோடு படிக்கும் மற்றப் பிள்ளைகளின் கணக்கிலும் ஒன்று குறைகிறது. மேலும், அயல்மொழி கற்பதற்குத் தமிழே அவளுக்குக் கைகொடுக்கும்.

ஜப்பானிய மொழியைப் பாருங்கள். "வதாஷி வா இஎ தெ கோஹான் ஓ தாபெமாஸு" என்பதன் பொருள் "நான் வீட்டில் சோற்றைச் சாப்பிடுகிறேன்" என்பதாகும். எழுவாய் முதலில், வினை கடைசியில். வீட்டுக்குப் பின் "இல்", சோற்றுக்குப் பின் "ஐ" வருவதுபோல் அங்கும் "தெ", "ஓ" ஆகிய உருபுகள் பெயருக்குப் பின்னரே வருகின்றன. ஆங்கிலமும் மலாயும் வினையை நடுவில் வைப்பவை. ஆகவே அவற்றின் வழியாக மட்டும் ஜப்பானியம் கற்கும் பிள்ளை திருப்பிப்போட்டுச் சிந்திக்க வேண்டிய இடத்தில், வேற்றுமை உருபுகளைப் பழகிய தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேராகவே சென்றுவிட முடியும். கடினம் எழுத்தில் இருக்கிறது. ஹிரகானா, கதகானா என்னும் அசையெழுத்து வரிசைகள் அடிப்படையில் நாற்பத்தாறு வீதம்தான். ஆனால் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்டவை மட்டும் 2,136. நாள்தோறும் எழுதிப் பழகும் பொறுமை உள்ளவளா என்று பாருங்கள். ஜப்பான் போன்ற கிழக்கு நாடுகளிடமிருந்து கற்க 1982இல் மலேசிய அரசு தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின் வழியாக நம் மாணவர்கள் ஜப்பானுக்கு மேற்படிப்புக்குச் சென்று வருவதும் இம்மொழிக்கு ஒரு வலு.

பிரெஞ்சு மொழிக்கு எழுத்துத் தொல்லை குறைவு; ஆங்கிலச் சொற்களில் பெரும் பங்கு அதிலிருந்து வந்தவை என்பதால் வாசிப்பு விரைவில் பிடிபடும். ஆனால் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரற்ற பொருளுக்கெல்லாம் பால் சொல்லும் முறை, உயர்திணை அஃறிணை அறிந்த நம் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் திகைப்பாகவே இருக்கும்.

இவை இரண்டையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஆசிரியர். நான் படித்த பள்ளியில் பிரெஞ்சு வகுப்பு தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே ஆசிரியை மாற்றலாகிச் சென்றார். அவருக்குப் பதிலாக வேறு ஒருவர் வரவில்லை, வகுப்பும் நின்றது. இன்று என்னிடம் எஞ்சியிருப்பவை வணக்கமும் நன்றியும் மட்டுமே. ஆகவே, ஜப்பானிய ஆசிரியர், பிரெஞ்சு ஆசிரியர் ஆகிய இருவரில் அப்பள்ளியில் நிரந்தரமாக இருப்பவர் யார், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரை வகுப்பு தொடருமா, அம்மொழியைத் தேர்வில் எழுத முடியுமா, தமிழ் வகுப்பும் அதே நேரத்தில் வைக்கப்படுமா என்று பள்ளியில் நேரில் சென்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றாக இருந்தால், நான் ஜப்பானியத்தையே பரிந்துரைப்பேன்.

மாண்டரினைப் பற்றி அண்டை வீட்டார் சொல்வதில் உண்மை உண்டு. வணிகத்துறையில் அம்மொழியைக் கேட்கும் முதலாளிகள் பலர். ஆனால் அதைப் பள்ளிப் பாடத்துக்கு எதிராக நிறுத்த வேண்டியதில்லை. "மா" என்னும் ஓரசையே தொனி மாறும்போது தாய், சணல், குதிரை, திட்டுதல் என நான்கு பொருள் தருகிறது. தொனியைக் காதுதான் கற்க வேண்டும். உங்கள் பட்டணத்துக் கடைத்தெருவில் மாண்டரின் பேசும் கடைக்காரர் இருப்பார். சனிக்கிழமை சாமான் வாங்கச் செல்லும்போது மகளை உடன் அழைத்துச் சென்று, விலை கேட்பதையும் எண்ணுவதையும் அவளிடமே விட்டுவிடுங்கள்.