சிறப்புக் கல்வியில் பி.எட். படித்தால் வேலை இருக்கிறதா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. கணிதம் முடித்த உங்கள் மகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்வியில் பி.எட். சேர ஆசைப்படுகிறார். சாதாரண பி.எட். போதுமே என்பது உங்கள் எண்ணம். "சேவை செய்ய ஆசை என்றால் சனி, ஞாயிறில் செய்யட்டும். பிழைப்புக்கு வேறு படிக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் இந்த வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது இன்று சட்டப்படி பள்ளிகள் செய்தே ஆக வேண்டிய வேலை. அதைச் செய்யத் தகுதியுள்ள ஆட்கள்தான் குறைவு.

ஆரம்பத்தில் அது சேவையாக மட்டுமே இருந்தது உண்மைதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பாளையங்கோட்டையில் மிஷனரிப் பெண்கள் காது கேளாத பிள்ளைகளையும் பார்வையற்ற பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையாரின் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. அன்றைக்கு அப்படி ஒரு பள்ளி பக்கத்தில் இருந்த குழந்தை படித்தது, இல்லாத குழந்தை வீட்டில் இருந்தது. இந்தக் குழந்தைகளை முடிந்தவரை சாதாரணப் பள்ளிகளிலேயே படிக்கவைக்கலாம் என்று 1964-66 கோத்தாரி கல்வி ஆணையம் சொன்னது. 1974இல் மத்திய அரசு அதற்கென ஒரு திட்டமும் கொண்டுவந்தது. ஆனால் திட்டத்தைக் காட்டி ஒரு தாய் தலைமையாசிரியரிடம் "என் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும்" என்று கேட்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும்.

உங்கள் மகளை நேரடியாகத் தொடும் முதல் சட்டம் 1992இல் வந்த இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம். சிறப்பு ஆசிரியராக வேலை பார்க்க அந்த மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்து, மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்து, எண் வாங்க வேண்டும். பதிவு இல்லாமல் வேலை பார்த்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கே இடமுண்டு. ஆர்வம் இருக்கிறது என்பதற்காக யார் வேண்டுமானாலும் வகுப்பெடுக்கலாம் என்ற நிலைமை அதோடு போயிற்று. சனி, ஞாயிறு யோசனைக்கு நான் தயங்குவது இதனால்தான்.

அப்புறம் 1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டம் வந்தது. 18 வயது வரை இலவசக் கல்வி என்று அது சொன்னது பெரிய விஷயம். ஆனால் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. ஆட்டிசம் அதில் இல்லை, டிஸ்லெக்சியாவும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைக்குச் சட்டத்தில் இடமில்லாததால், வகுப்பில் 'மக்கு', 'சோம்பேறி' என்ற பட்டங்கள்தான் கிடைத்தன. எத்தனை பிள்ளைகள் அப்படியே படிப்பை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகள் யார் என்று சொன்ன வரையறையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெயர் இல்லை. 2012 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். கடுமையான குறைபாடு உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கும் உரிமையும் அப்போதுதான் வந்தது.

பெரிய மாற்றம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஏழு வகை 21 ஆனது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியோ, எதுவானாலும் பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு ஏற்ற உதவியும் தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஒரு வகுப்பாசிரியர் இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியுமா? 2021இல் உச்ச நீதிமன்றம் கணக்கையே சொல்லிவிட்டது: தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் மறுபடியும், பணியிடங்களை உருவாக்கி நிரப்புங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு, இன்றைய நிலைமையை மறைத்தால் அது நியாயமாக இருக்காது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர்களுக்குத் தொகுப்பூதியம்தான். பள்ளி பள்ளியாகப் போவார்கள், வீட்டை விட்டு வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கும் போவார்கள். உழைப்புக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நீதிமன்றத் தீர்ப்பு நிரந்தரப் பணியிடமாக மாற நாளாகும். சிபிஎஸ்இ பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர் கட்டாயம் என்பதால் அங்கே வாய்ப்பு உண்டு, ஆனால் சம்பளம் பள்ளிக்குப் பள்ளி மாறும். முதல் சில ஆண்டுகள் கையைக் கடிக்கும். அதை இப்போதே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அப்படியானால் ஏன் உங்கள் மகள் பக்கம் பேசுகிறேன்? அவர் கணிதம் படித்தவர் என்பதால். இந்தப் படிப்பில் பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று ஏதாவது ஒன்றைச் சிறப்புப் பிரிவாக எடுக்க வேண்டும். நான் அவருக்குச் சொல்வது பார்வைக் குறைபாடு. பார்வையற்ற பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யாரோ முடிவு கட்டி, மேல்நிலையில் வரலாறு குரூப்பில் தள்ளிவிடுவது இன்னும் நடக்கிறது. பிரெய்லியில் கணிதத்துக்கென்றே நெமத் குறியீடு இருக்கிறது. கணக்குப் போட டெய்லர் பலகையும் அபாகஸும் இருக்கின்றன. தொட்டு உணரும் வரைபடத்தில் வடிவியலும் நடத்தலாம். இவ்வளவு இருந்தும், கணிதமும் தெரிந்து பிரெய்லியும் தெரிந்த ஆசிரியர் கிடைப்பதில்லை. உங்கள் மகள் அந்த ஆசிரியராக வந்தால், அவரிடம் படிக்கும் பிள்ளை கணினி அறிவியல் பக்கமோ வங்கித் தேர்வுப் பக்கமோ தைரியமாகப் போகும். கற்றல் குறைபாடு இரண்டாவது தேர்வாக இருக்கட்டும், அங்கேயும் கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் நிறைய.

சேரும் முன் கவனிக்க வேண்டியது முக்கியமாக ஒன்று. எந்தக் கல்லூரி, எந்தச் சிறப்புப் பிரிவு, எந்தக் கல்வியாண்டுக்கு அங்கீகாரம் என்று மறுவாழ்வு மன்றத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், கோயம்புத்தூரில் ராமகிருஷ்ணா மிஷன் வித்யாலயா, அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பின்னால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கணிதப் பணியிடங்களுக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அந்தந்த அறிவிக்கையில் சிறப்புக் கல்வி பி.எட்.டை ஏற்கிறார்களா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும்.

சேர்க்கைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊர் வட்டார வள மையத்தில் அனுமதி கேட்டு, அங்கே உள்ள பயிற்றுநரோடு சில நாட்கள் மகள் கூடவே இருந்து பார்க்கட்டும். முடிந்தால் நீங்களும் ஒருநாள் போய்வாருங்கள். அதற்குப் பிறகும் அவர் இதுதான் வேண்டும் என்றால், கட்டணத்துக்கும் விடுதிக்கும் என்ன வழி என்று நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம்.