24 டின் பியர் பெட்டிக்கு 6 டின் விலை போட்டுவிட்டார்கள்: வைத்துக்கொள்ளலாமா?

வாசகர் ஒருவரின் இந்தக் கேள்வி மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கடை ஒன்றைப் பற்றியது. என் பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எல்லாத் தவறும் ஒன்றல்ல.

பொருள் அடுக்கிய தட்டில் ஒட்டிய விலைச்சீட்டே குறைவாக இருந்தால் உங்களுக்குக் கூச்சம் தேவையில்லை. சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு அந்த விலையைக் கேளுங்கள். விலை குறித்துத் தவறான தோற்றம் தருவதை 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் ஒப்பந்தச் சட்டப்படி சீட்டு விற்பதாகத் தரும் வாக்கு அல்ல, வாங்க வரச் சொல்லும் வெறும் அழைப்புதான். கவுண்டரில் தவறு தெரிந்தால் கடைக்காரர் விற்க மறுக்கலாம்.

உங்களுக்கு நடந்ததோ, கவுண்டரில் ஸ்கேன் செய்ததில் வந்த தவறு. பெட்டியின் பார்கோடை விட்டு உள்ளிருக்கும் 6 டின் கட்டின் பார்கோடை அடித்தால் இப்படித்தான் வரும். ரசீதில் விலையைப் பார்க்காதீர்கள், பொருளின் பெயருக்கு அருகே உள்ள அளவைப் பாருங்கள்.

இது சின்னத் தொகையும் இல்லை. 2016-இல் வைத்த கலால் வரி, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட்டாக இருந்தது; 2025 நவம்பரில் அது கூடியது. 320 மில்லி, 5 விழுக்காடு பியர் என்றால் அந்தப் பழைய வரியிலேயே டின்னுக்கு 2.80, பெட்டிக்கு 67.20 ரிங்கிட் வரி மட்டுமே. 6 டின் விலை அந்த வரிக்கே பத்தாது! கணக்கு உதைத்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது முதலாளி அல்ல, கவுண்டரில் நிற்கும் பிள்ளை.

1950 ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும், தவறுதலாகக் கொடுக்கப்பட்டதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது.

ரசீதோடு அன்றே போய், “தம்பி, 6 டின்னுக்குத்தான் அடிச்சிருக்கீங்க” என்று சொல்லுங்கள். பழைய பில்லை ரத்து செய்து புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தைக் கையில் கொடுத்தால் இருப்புக் கணக்கு அப்படியே பிசகி நிற்கும்.